அடுப்பங்கரையில் பிறந்த சபை

பிறந்த வீட்டுக்குப் புறப்படுகிறோம் என்றால் நமக்குக் கால் தரையில் பாவாது. ஒரு வாரம் முன்னாலேயே பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்துவிடுவோம். வீடு, வாசல், உற்றார், உறவினர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடத்தில் சேர்ந்த கன்னிகாஸ்திரீகளுக்கும் ஒரு பிறந்த வீடு உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா, சகோதரிகளே?

அவர்களுடைய சபை பிறந்த வீடுதான் அது. புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் அமெரிக்காவிலிருந்தும் கானடாவிலிருந்தும் இன்னும் பல தேசங்களிலிருந்தும் கூட்டம் கூட்டமாக அங்கே யாத்திரை போகிறார்கள்.

பிரான்ஸ் தேசத்தின் மலைப் பிரதேசத்தில் லெ புய் என்று ஓர் ஊர். பழைய எரிமலைப் பாறைகள் யாரோ நட்டு வைத்த தூண்களைப் போல் அங்கே நிற்கின்றன. ஒரு பாறையின் உச்சியில் தேவமாதாவின் பிரம்மாண்டமான சிலை. யுத்தத்தில் பிடிபட்ட ருஷ்யப் பீரங்கிகளை உருக்கி 1860-ல் வார்த்தது. இன்னொரு பாறையின் தலையில், 268 படி ஏறிப் போனால், ஒரு சின்னக் கோயில். வருகிறவர்கள் இதையெல்லாம் பார்க்காமல் போவதில்லை. ஆனால் சூசையப்பர் சகோதரிகள் அவ்வளவு தூரம் வருவது முக்கியமாக எதைப் பார்க்கத் தெரியுமா? ஒரு பழைய சமையலறையை!

அந்தக் காலத்தில் அது அநாதைக் குழந்தைகளின் விடுதி. 1650-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி அங்கே ஆறு பெண்கள் ஒரு சபையாகச் சேர்ந்தார்கள். ஏற்கெனவே அந்த விடுதியைக் கவனித்து வந்த பிரான்ஸ்வாஸ் ஏரோ தலைமை வகித்தாள். ஒருத்தி கணவனை இழந்தவள். ஆறு பேரில் பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்த நாளில் கன்னிகாஸ்திரீ என்றால் மதிலுக்குள் இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். 1610-ல் அன்னஸி என்ற ஊரில் ஒரு சபை தோன்றியது. நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதற்கு. சில வருஷங்களுக்குள் அதையும் மதிலுக்குள் அடைத்துவிட்டார்கள்.

லெ புய் பெண்களுக்கு வழிகாட்டிய மெதாய் என்ற சேசு சபைக் குரு இதை அறிந்தவர். அவரும் அவர்களும் ஒரு யுக்தி செய்தார்கள். பெரிய மடம் வேண்டாம், சின்னச் சின்ன வீடுகளாக இருக்கலாம். மதிலுக்குள் அடைக்கிற பெரிய வார்த்தைப்பாடும் வேண்டாம், எளியதே போதும். விசேஷ உடையும் வேண்டாம். ஊரில் விதவைகள் உடுத்துகிற கறுப்பு அங்கியும் முக்காடும் போதும்.

விதவை வேஷம் எதற்கு? கன்னிப் பெண் தனியே தெருவில் நடந்தால் ஊர் வாய் சும்மா இராது. விதவை நடந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். நம் நாட்டில் விதவைக் கோலம் ஒரு காலத்தில் பெண்ணை மூலையில் உட்கார்த்தி வைத்தது. அங்கே அதே கோலம் வாசற்கதவைத் திறந்துவிட்டது!

வெளியே வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? ஊரைப் பல பகுதியாகப் பிரித்துக்கொண்டு, எங்கே யாருக்கு என்ன கஷ்டம் என்று விசாரித்தார்கள். லெ புய் லேஸ் பின்னலுக்குப் பெயர் போனது. மடியில் திண்டு; அதில் குண்டூசிகள்; நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் விரல்களுக்கிடையே ஓடும். ஏழைப் பெண்களுக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார்கள். கையில் தொழில் இருந்தால் பெண் வழி தவற வேண்டிய அவசியம் இல்லை அல்லவா?

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. மடங்கள் கலைந்தன. சகோதரிகள் சிலர் கில்லட்டினில் தலை கொடுத்தார்கள். போன்பான் அம்மையார் சிறையில் தம் முறைக்காகக் காத்திருந்தார். 1794 ஜூலையில் ரோபெஸ்பியர் வீழ்ந்தான், அம்மையார் பிழைத்தார். 1807-ல் ஸான்த் எத்தியேன் நகரில் சில பெண்களோடு சபையை மறுபடி தொடங்கியவர் அவர்தான். 1836-ல் ஆறு சகோதரிகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார். அந்த ஆறு பேரில் இருவர் அவருடைய சொந்தச் சகோதரரின் பெண்கள்!

சபை வளர்ந்தது. ஆனால் வளர வளர ஒன்று மறந்து போயிற்று. ஊரில் விதவைகளின் உடை மாறிவிட்டது. சகோதரிகளின் உடை மாறவில்லை. யார் கண்ணிலும் படாதிருக்க உடுத்தியது, எல்லார் கண்ணிலும் படுகிற சீருடை ஆகிவிட்டது. பல மடங்களில் பாடம் சொல்லித் தருகிற சகோதரி ஒரு படி மேல், சமையல் செய்கிற சகோதரி ஒரு படி கீழ் என்று பேதமும் வந்தது. சமையலறையில் பிறந்த சபையில் இப்படி!

1965 அக்டோபரில் வத்திக்கான் சங்கம், ஒவ்வொரு சபையும் தன் ஆதி நோக்கத்தைத் தேடிப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றது. பழைய ஏடுகளைத் தூசி தட்டினார்கள். லெ புய்க்குப் போனார்கள். பரிசுத்தம் என்று எண்ணிய முக்காடு, தெருவில் நடக்கப் பிறந்த யுக்தி என்று புரிந்தது. பலர் அதைக் கழற்றி வைத்தார்கள், சிலர் வைத்துக்கொண்டார்கள். மனஸ்தாபங்களும் இல்லாமல் இல்லை. ஆயுள் முழுதும் உடுத்தியதை ஒரே நாளில் கழற்றி வைக்கச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்?

இன்று பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் இந்தச் சபைகளில் இளம் பெண்கள் சேருவது மிகக் குறைந்துவிட்டது. யாத்திரை வருகிறவர்களில் நரைத்த தலைகளே அதிகம். குடும்பஸ்தர்களான நண்பர்களையும் அவர்கள் உடன் அழைத்து வருகிறார்கள். நாளைக்குச் சபையில் ஆள் இல்லாமல் போனாலும் வேலை நிற்கக் கூடாதே!

நம் வீடுகளிலும் எத்தனையோ வழக்கங்கள் இருக்கின்றன. “பாட்டி காலத்திலிருந்து இப்படித்தான்” என்று வாயை மூடிவிடுகிறோம். பாட்டி அதை ஏன் ஆரம்பித்தாள் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்களேன். கட்டிப் போட அவள் நினைத்திருக்கவே மாட்டாள். எந்தக் கதவையோ திறக்கத்தான் அதைச் செய்திருப்பாள்.