தோளுக்கு மிஞ்சிய ஒரு வருஷம்



டில்லியில் குளிர் விடைபெற்றுவிட்டது. லக்ஷ்மிபாய் நகர்க் குடியிருப்புக்களின் நடுவே நிற்கும் வேப்ப மரங்கள் பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டுச் செந்தளிர் விடத் தொடங்கியிருக்கின்றன. பள்ளிகளில் வருஷாந்தரப் பரீட்சை முடிந்து, பிள்ளைகள் மதிப்பெண் அட்டையுடன் வீடு திரும்பும் பருவம் இது. இந்தப் பகுதியில் மாதந்தோறும் ஊர்க் கதையும் உலகக் கதையும் பேசி வந்த நாம், இம்முறை வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல முன்வந்திருக்கிறோம். வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவரலாகாது என்பார்கள் பெரியோர். ஆகையால், சம்பந்தப்பட்ட பிள்ளையிடமே இதைப் படித்துக் காட்டி, அவன் சம்மதம் பெற்ற பிறகே அச்சுக்கு அனுப்புகிறோம். இரண்டு இடங்களில் அவன் திருத்தமும் செய்திருக்கிறான்.

நமது குமாரனுக்குப் பதினாறு வயது நிறைந்துவிட்டது. சமையலறை நிலைப்படியில் வருஷத்துக்கு ஒரு முறை அவன் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைப்பது நம் வீட்டு வழக்கம். சென்ற சித்திரையில் குறித்த கோடு நம் தோளுக்கு நேராக இருந்தது. இப்போது குறித்த கோட்டைப் பார்க்க நாம் அண்ணாந்து நோக்க வேண்டியிருக்கிறது. தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்ற பழமொழியை எத்தனையோ மேடைகளில் எடுத்தாண்டிருக்கிறோம். அதன் பொருள் இன்னதென்று அறிந்துகொள்ள ஒரு முழு வருஷம் பிடித்தது.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் அவன் நல்ல மதிப்பெண் பெற்றான். அண்டை வீடுகளுக்கெல்லாம் இனிப்பு வழங்கினோம். கும்பகோணத்திலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் வாழ்த்தினார்கள். எல்லாரும் வாழ்த்துக்குப் பின்னர் கேட்ட கேள்வி ஒன்றே: "அடுத்தது ஐ.ஐ.டி. தானே?" அலுவலக நண்பர் ஒருவர், பிள்ளையைப் பேருக்கு ஒரு 'டம்மி' பள்ளியில் சேர்த்துவிட்டு, நாள் முழுவதும் பயிற்சி நிலையத்தில் விடலாம் என்று யோசனை சொன்னார். மத்தியக் கல்வி வாரியத்தின் விதிப்படி நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் பள்ளிக்கு வந்திருக்க வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் நாம் இணங்கவில்லை. மற்றபடி, சேமநிதியிலிருந்து முன்பணம் பெற்று, இரண்டு வருஷத்துக்கான கட்டணத்தை ஒரே தவணையில் பயிற்சி நிலையம் ஒன்றில் கட்டினோம். அதில் சேர விருப்பமா என்று பையனைக் கேட்டோமா? கேட்டோம். "சேர்ந்துகொள்கிறாய் அல்லவா?" என்று கேட்டோம். அது கேள்வியே அன்று என்பது பின்னால்தான் விளங்கிற்று.

நம்மைப் போன்றோரின் அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. தலைநகரில் உத்தியோகம் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே நிலபுலம் கிடையாது. சர்க்கார் குடியிருப்போ, பணி ஓய்வு பெற்றதும் காலி செய்து கொடுக்கவேண்டிய வீடு. பிள்ளைக்கு நாம் விட்டுச் செல்லக்கூடிய சொத்து படிப்பு ஒன்றுதான். நமக்கு முன்னே வந்தவர்களும் அவ்வாறே எண்ணினார்கள். அதனாலன்றோ 1923-ஆம் ஆண்டிலேயே மதராஸி கல்விச் சங்கம் என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார்கள்! இன்று அது டில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து, நம் லக்ஷ்மிபாய் நகர் உள்பட ஏழு இடங்களில் பள்ளி நடத்துகிறது. ஆனால் அம்முன்னோர் கட்டியது பள்ளிக்கூடம். நாம் கட்டியதோ பந்தயத்துக்கான நுழைவுக் கட்டணம். இரண்டும் ஒன்றென்று நாம் மயங்கினோம்.

அந்தப் பந்தயத்தின் கணக்கையும் அன்பர்கள் அறிந்திருப்பது நலம். 2024-ஆம் ஆண்டில் ஜே.இ.இ. முதல்நிலைத் தேர்வுக்குப் பதிவு செய்துகொண்டவர்கள் 14 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவ்வாண்டு 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,740. அதாவது, ஏறக்குறைய எண்பது பேருக்கு ஓர் இடம். மற்ற எழுபத்தொன்பது பேரும் முட்டாள்கள் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். அலுவலகத்தில் வரவு செலவுக் கணக்குப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நாம், இந்தச் சிறு வகுத்தலைப் பணம் கட்டும் முன் போட்டுப் பார்க்கவில்லை.

கோடை வந்தது. ஆண்டுதோறும் ஊருக்குச் சென்று பாட்டியோடு இருபது நாள் தங்குவது வழக்கம். பயிற்சி வகுப்பை முன்னிட்டு அதை நிறுத்தினோம். பாட்டியம்மாள் வடாம் இட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பையன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்தைப் பொறுப்புணர்ச்சி என்று எண்ணி நாம் பெருமைப்பட்டோம்.

மழைக்காலத்தில் அவன் பேச்சு ஒற்றை எழுத்தாகச் சுருங்கிற்று. "சாப்பிட்டாயா?" "ம்." "வகுப்பு எப்படி?" "ம்." இரண்டே அறைகள் உள்ள வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள இடமில்லாமையால், பலகை அடைத்த பால்கனியே அவன் அறையாயிற்று. இரவு நெடுநேரம் விளக்கெரியும். காலையில் எழுப்ப முடியாது. சோம்பல் என்று கடிந்தோம். இப்பருவத்தில் உறக்கத்தைக் கூட்டும் சுரப்பு இரவில் காலந்தாழ்த்தியே சுரக்கத் தொடங்குகிறது என்றும், நாள்தோறும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும் என்றும் உடல்நூல் வல்லார் கூறுகின்றனர். வயது வந்த மாணவர்களின் பள்ளிகளைக் காலை எட்டரை மணிக்கு முன் தொடங்கலாகாதென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இலேயே பரிந்துரைத்தது. இவையெல்லாம் பின்னால் படித்தறிந்தவை. அப்போது நமக்குத் தெரிந்த வைத்தியம் போர்வையை உருவுவது ஒன்றே.

அரையாண்டுத் தேர்வில் பௌதிகத்தில் அவன் தேறவில்லை. அன்றிரவு நாம் ஆற்றிய சொற்பொழிவை இங்கே எழுத நாணமாயிருக்கிறது. தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்து நாம் முன்னுக்கு வந்ததாகக்கூடச் சொன்னோம். உண்மையில் நம் வீட்டில் குழல்விளக்கு இருந்தது. இதைத் தெரிவித்தவர்கள், மறுநாள் தொலைபேசியில் பேசிய பாட்டியம்மாள்தான்.

மார்கழியில் ஒரு மாலை. பனிமூட்டம் கவிந்திருந்தது. அலுவலகம் விட்டு வரும் வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். தில்லி ஹாட் மதில் ஓரமாக, முதுகில் புத்தகப் பையுடன், குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். யார் பெற்ற பிள்ளையோ என்று ஒரு கணம் இரக்கப்பட்டோம். மறுகணம், அவன் நாம் பெற்ற பிள்ளை என்று தெரிந்தது. அவன் பயிற்சி வகுப்பில் இருக்கவேண்டிய நேரம் அது.

நாம் கோபிக்கவில்லை. பொறுமையினால் அன்று, நா எழாமையினால். அருகில் அமர்ந்தோம். வெகு நேரம் கழித்து, "வீட்டுக்குப் போகலாமா?" என்று மட்டும் கேட்டோம். நடக்கும்போது அவனே சொன்னான்.

"அப்பா, இருபத்தொரு நாளாக நான் வகுப்புக்குப் போகவில்லை."

(இருபது என்று நாம் எழுதியிருந்ததை அவன் இருபத்தொன்று என்று திருத்தினான்.) மாதத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து அங்கே மாணவர்களைப் பிரிப்பார்களாம். முதல் பேட்சில் சேர்ந்தவனைப் படிப்படியாகக் கடைசி பேட்சுக்கு இறக்கிவிட்டார்கள். பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். பிள்ளை மூன்று வாரம் வராததை ஒரு வரி எழுதித் தெரிவிக்க அங்கே எவருக்கும் தோன்றவில்லை.

"என்னிடம் ஏனப்பா சொல்லவில்லை?" என்றோம்.

"நீங்கள் கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டீர்களே." சற்றுப் பொறுத்து, "சில நாள், வீட்டுக்குத் திரும்பி வராமலே எங்கேயாவது போய்விடலாம் என்று தோன்றும்" என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த பை நழுவிற்று. ராஜஸ்தானத்தில் கோட்டா நகரத்துப் பயிற்சி நிலையங்களில் படித்த மாணவர்கள், 2023-ஆம் ஆண்டில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டோர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்ற செய்தியைக் காலைக் காப்பியோடு படித்து, "ஐயோ பாவம்" என்று பக்கத்தைத் திருப்பியவர்கள் நாம். பிறர் வீட்டுச் செய்தி என்று அப்போது எண்ணினோம். நம் வீட்டு வாசலுக்கும் அச்செய்திக்கும் இடையே எத்தனை நாள் தூரம் இருந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அன்றிரவு நம் இல்லத்தரசி சொன்னதையும் மறைக்கமாட்டோம். "பிள்ளை இரண்டு மாதமாகத் தயிர் சாதத்தைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோகிறான். சொன்னேன். பரீட்சை பயம், சரியாகிவிடும் என்றீர்கள்." தட்டைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாமோ மதிப்பெண் அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் விடுப்பு எடுத்தோம். பள்ளியில் வகுப்பாசிரியையைக் கண்டு பேசினோம். அவர் ஒரு மனநல ஆலோசகரிடம் வழிப்படுத்தினார். நான்கைந்து முறை பையன் தனியே சென்று பேசினான். அங்கே என்ன பேசினான் என்று நாம் கேட்கவில்லை, கேட்காமலிருக்கக் கற்றுக்கொண்டோம். பயிற்சியை நிறுத்தினோம். 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகளில், பதினாறு வயதுக்குட்பட்டோரைப் பயிற்சி நிலையங்களில் சேர்க்கலாகாது, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு நடத்தலாகாது, இடையில் விலகும் மாணவனுக்கு எஞ்சிய காலத்துக்குரிய கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தரவேண்டும் என்றெல்லாம் கண்டிருக்கிறது. காகிதத்தில் கண்டது கையில் வந்து சேருவது வேறு விஷயம். நமக்குத் திரும்பக் கிடைத்தது சொற்பமே. முன்பணத்தின் தவணை இன்னும் சம்பளத்தில் பிடித்தமாகிக்கொண்டிருக்கிறது. அதைப்பற்றி நமக்கு வருத்தமில்லை. அதைவிடப் பெரிய தொகை ஒன்று கையை விட்டுப் போக இருந்தது.

தை, மாசி மாதங்களில் பெரிய அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. அவன் பள்ளிக்குச் சென்றான், வந்தான், உறங்கினான். கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டு இரவு உணவுக்குப் பின் அவனோடு குடியிருப்பைச் சுற்றி நடக்கத் தொடங்கினோம். முதல் வாரம் இருவரும் ஊமைகள். இரண்டாம் வாரம் அவன் கேட்டான்: "என் வயதில் நீங்கள் என்ன ஆக விரும்பினீர்கள்?" இக்கேள்வியை நம்மிடம் கேட்டவர் இதுவரை எவருமில்லை. நாடக நடிகனாக விரும்பினோம் என்ற உண்மையைச் சொன்னோம். அவன் உரக்கச் சிரித்தான். பல மாதங்களுக்குப் பின் கேட்ட சிரிப்பு. உடைந்து முடிந்து புதிதாய் அமைந்த குரலில் நாம் கேட்ட முதற் சிரிப்பும் அதுவே.

வருஷாந்தரப் பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டான். பௌதிகத்தில் நடுத்தரம். இனிப்பு வழங்கவில்லை, பாயசம் வைத்து வீட்டிலேயே உண்டோம். மேற்கொண்டு என்ன படிக்க உத்தேசம் என்றதற்கு, "இன்னும் தெரியவில்லை அப்பா" என்றான். சென்ற வருஷமாயிருந்தால் அந்த விடை நம்மைக் கொதிக்கச் செய்திருக்கும். இன்று அது நேர்மையான விடையாகத் தோன்றுகிறது. பொறியியலே படித்தாலும் படிக்கலாம். அதை அவன் சொல்லவேண்டும் என்று இங்கே எழுதியிருந்தோம். "சொல்வேன்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறான். இது அவனது இரண்டாவது திருத்தம்.

பிள்ளையைக் கண்டிக்கவே கூடாதென்று நாம் சொல்லவரவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இப்போது கட்டணச் சீட்டுக்கள் கையொப்பத்துக்குக் காத்திருக்கும் என்பதால் மூன்று வேண்டுகோள் மட்டும் விடுக்கிறோம். ஒன்று: இல்லை என்று பிள்ளை தயங்காமல் சொல்லக்கூடிய முறையில் அவனைக் கேளுங்கள். இரண்டு: முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள், கட்டிய பணம் பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகிறது. மூன்று: நாள்தோறும் படிப்பைச் சாராத ஒரு வார்த்தையாவது அவனோடு பேசுங்கள். பிள்ளையின் போக்கில் கலக்கம் தரும் மாறுதல் கண்டால் வெட்கப்பட்டு மூடி வைக்கவேண்டாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

வைகாசியில் ஊருக்குப் புறப்படுகிறோம். 1976-இல் தொடங்கிய நாள் முதல் நம்மவர்களைச் சுமந்து செல்லும் அதே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் பதிவாகிவிட்டது. சென்னை வரை இரண்டு இரவும் ஒரு பகலும். பதிவு செய்யும்போது பையன் நம் தோள்மேல் எட்டிப் பார்த்து, "கீழ்ப் படுக்கை உங்களுக்கு, மேல் படுக்கை எனக்கு" என்றான். கால் நீட்டினால் அவனுக்கு இடம் போதாது. சொல்லிப் பார்த்தோம்; கேட்கவில்லை. பாட்டியம்மாள் இப்போதே வடாத்துக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டார்களாம்.