அண்ணா, எதை மட்டும் மனப்பாடம் பண்ணணும்?

மார்ச் நெருங்கினா காலேஜ் பசங்களுக்கு வீட்டுல ஒரு திடீர் புரமோஷன் கிடைக்கும், கவனிச்சிருக்கீங்களா பாஸ்? சித்தி பையனுக்கோ எதிர்வீட்டுப் பொண்ணுக்கோ பத்தாவது பப்ளிக் எக்ஸாம் இருக்கும். 'இன்ஜினீயரிங்தானே படிக்கிறே, இவனுக்குக் கொஞ்சம் கணக்கு சொல்லிக்குடு'ன்னு ஆர்டர் வந்துடும். எங்க உப்பிலியபுரத்துல இது ரொம்ப சகஜம். டியூஷனுக்காக தினமும் துறையூருக்கு பஸ் ஏறுறது எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அதனால, சனிக்கிழமை துணி மூட்டையோட ஊருக்கு வர்றவங்க யாரோ, அவங்கதான் அந்த வார கணக்கு வாத்தியார். பி.ஏ. தமிழ் படிக்கிறேன்னு சொல்லியும் தப்பிக்க முடியாது. 'நீயும் பத்தாவது பாஸ் பண்ணித்தானே போனே?'ன்னு மடக்கிடுவாங்க!

உட்கார்ந்ததும் வர்ற முதல் கேள்வி, 'அண்ணா, எதை மட்டும் மனப்பாடம் பண்ணினா போதும்?' நாமளும் ஏதோ பெரிய மேதை மாதிரி தொண்டையைச் செருமிக்கிட்டு, 'கணக்கை மனப்பாடம் பண்ணக் கூடாது தம்பி, புரிஞ்சு படிக்கணும்' என்று ஆரம்பிப்போம். ப்ளீஸ், வேணாம். பரீட்சைக்கு பத்தே நாள் இருக்கும்போது அந்த அட்வைஸ் யாருக்கும் உதவாது. ஃபெயிலானா ஜூன், ஜூலையில துணைத் தேர்வு எழுதலாம்தான். ஆனா, அந்த ரெண்டு மாச இடைவெளியில படிப்பையே விட்டுட்டு வேலைக்குப் போற பசங்க இருக்காங்க. திரும்பி வர்றவங்க கம்மி. அதனால மனப்பாடத்தைக் கேவலமா பேசற கட்சியில நான் இல்லை. எதை மனப்பாடம் பண்றதுங்கறதுதான் மேட்டர்.

முதல்ல கொஸ்டின் பேப்பரைத் தெரிஞ்சுக்கங்க. மொத்தம் 100 மார்க். ஒரு மார்க் 14. ரெண்டு மார்க் 14-ல 10, அஞ்சு மார்க் 14-ல 10 எழுதணும். ரெண்டு செட்டிலும் கடைசிக் கேள்வி கட்டாயம். அப்புறம் எட்டு மார்க் ரெண்டு: ஒண்ணு செய்முறை வடிவியல், இன்னொண்ணு கிராஃப். இந்த 16 மார்க்கை விட்டவங்க நிஜமாவே பாவம். வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, நேர் மாறல், எதிர் மாறல்னு வகைகளை விரல் விட்டு எண்ணிடலாம். இங்கே சூத்திரத்தைவிட கைதான் மனப்பாடம் பண்ணணும். காம்பஸை எங்கே வைக்கணும், ஸ்கேல் எவ்வளவு, அளவுத்திட்டத்தை எந்த மூலையில எழுதணும்... தினம் ரெண்டு படம் போட வைங்க. அந்த 16-ஓட ஒரு மார்க்ல பாதி தேறினா 23. இன்னும் ஆறு ரெண்டு மார்க் சரியா வந்தா 35. பாஸ்!

அடுத்து முக்கோணவியல். சைன், காஸ், டேன் அட்டவணையைப் பார்த்தே பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துடும். அது தேவையே இல்லை, ரெண்டு முக்கோணம் போதும். சமபக்க முக்கோணத்தை நடுவுல வெட்டினா பக்கங்கள் 1, √3, 2. அதுல 30-ம் 60-ம் கிடைச்சிடும். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினா 1, 1, √2. அது 45. முற்றொருமைகளிலும் 'சைன்² கூட்டல் காஸ்² சமம் 1' மட்டும் உருப்போட்டா போதும். அதை காஸ்²-ஆல வகுத்தா ரெண்டாவது, சைன்²-ஆல வகுத்தா மூணாவது வந்து நிக்கும்.

உயரங்களும் தொலைவுகளும் சொல்லிக்குடுக்க நம்ம திருச்சிக்காரங்களுக்கு ஸ்ரீரங்கத்துலயே மாடல் நிக்குது. 1987-ல கட்டி முடிச்ச ராஜகோபுரம், 13 நிலை, 236 அடி. கோபுரத்துல இருந்து அதே 236 அடி தள்ளி நின்னு உச்சியைப் பார்த்தா ஏற்றக் கோணம் 45 டிகிரி. சுமார் 136 அடி தூரத்துக்குக் கிட்ட வந்தா 60. கிட்டத்தட்ட 409 அடிக்குப் பின்வாங்கினா 30. (நம்ம உயரத்தைக் கணக்குல சேர்க்கலை. ஆறடி ஆசாமிகள் கோவிச்சுக்காதீங்க!) இதை ஒரு தடவை மனசுல படமா பார்த்துட்டா, 60 டிகிரிக்கு உயரத்தைவிட அதிகமான தூரம் விடையா வரும்போது, 'எங்கேயோ இடிக்குதே'ன்னு அவங்களுக்கே தோணும்.

அளவியல்ல மட்டும் மனப்பாடத்துக்கு வேற வழி கிடையாது. ஆனா செக் பண்ண வழி இருக்கு. இடைக்கண்டத்தோட கனஅளவு, அதாவது நம்ம வீட்டு வாளி: பை இன்டு உயரம் பை 3, அதைப் பெருக்கணும் 'பெரிய ஆரம்², சின்ன ஆரம்², ரெண்டு ஆரத்தோட பெருக்கல்' மூணையும் கூட்டி வர்றதால. மறந்துடுமோன்னு பயமா? சின்ன ஆரத்தை பூஜ்யமாக்குங்க, கூம்பு சூத்திரம் வரணும். ரெண்டு ஆரத்தையும் சமமாக்குங்க, உருளை வரணும். வந்தா நீங்க எழுதினது கரெக்ட். வர்க்கங்களின் கூடுதலுக்கும் இதே டெக்னிக்தான். 1-ம் 4-ம் சேர்ந்து 5. சூத்திரத்துல 2-ஐப் போட்டா 2 × 3 × 5, வகுத்தல் 6. அதுவும் 5. அஞ்சு செகண்ட் வேலை.

தேற்றத்துல தேல்ஸ், கோண இருசமவெட்டி, பிதாகரஸ் மூணையும் வரி வரியா உருப்போடறது வேஸ்ட். அமைப்புங்கற அந்த ஒரே வரியைப் பிடிச்சுக்கங்க. பிதாகரஸ்னா செங்கோண முனையில இருந்து கர்ணத்துக்குச் செங்குத்து. கோண இருசமவெட்டின்னா ஒரு பக்கத்துக்கு இணைகோடு. கோட்டைப் போட்டுட்டா வடிவொத்த முக்கோணம் கண்ணுல படும், மீதி தானா வரும். திட்டவிலக்கத்துல ஒரே பாயின்ட்: எல்லா எண்ணோடவும் ஒரே எண்ணைக் கூட்டினா அது மாறாது, பெருக்கினா மாறும். ஒரு மார்க்குக்கு ரெடி.

மனப்பாடம் நமக்குப் புதுசா என்ன? அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில எண்சுவடியைச் சத்தம் போட்டுச் சொல்லித்தான் கணக்கு. முழு எண் வாய்ப்பாடு மட்டுமில்லை, மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்று பின்னமும் நாக்கு நுனியில இருக்கணும். வயல் அளக்க, நெல் அளக்க, கூலி போட அது அன்னிக்கே தேவைப்பட்டது. இன்னொரு பக்கம் நம்ம கும்பகோணம் ராமானுஜன். 1903 வாக்குல அவர் கையில கிடைச்ச கார் எழுதிய புத்தகத்துல ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. பரீட்சைக்கு அதை உருப்போடாம, ஒவ்வொண்ணையும் தானே போட்டுப் பார்த்தார். (பரிசா, இங்கிலீஷ்ல கோட்டை விட்டு காலேஜ் ஸ்காலர்ஷிப் போச்சு. அது தனி சோகம்!)

ஒரு எச்சரிக்கை உங்களுக்கும் சேர்த்து. 35-க்கு மனப்பாடம் கை கொடுக்கும், 95-க்கு பாதி வழி வரும், ப்ளஸ் ஒன்ல மேத்ஸ் குரூப் எடுத்தா நடுரோட்டுல இறக்கி விட்டுடும். எம்-ஒன் அரியரோட சுத்தற நம்ம ஃப்ரெண்ட்ஸைக் கேளுங்க, சொல்லுவாங்க. அதனால தம்பி மேத்ஸ் குரூப்தான் வேணும்னு நின்னா, பரீட்சை முடிஞ்ச லீவுல அந்த ரெண்டு முக்கோணத்தையும் வாளியையும் மறுபடி எடுத்து வைச்சு, 'ஏன்'னு கேளுங்க. அப்போ அவசரம் இருக்காது.

பரீட்சை அன்னிக்கு ஒரு விஷயம். எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேள்வித்தாள் படிக்க 10 நிமிஷம் தருவாங்க. நிறைய பேர் அதுல முதல் பக்கத்தை மட்டும் வெறிச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. நேரா கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொல்லுங்க. எட்டு மார்க்ல எந்தப் படம், எந்த கிராஃப்னு முடிவு பண்ணிட்டு, அப்புறமா முதல் கேள்விக்கு வரட்டும். ரெண்டு பென்சிலைச் சீவி முந்தின நாள் ராத்திரியே பையில வைச்சுடுங்க.