தேறுமா, சாமி?

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் கெபியின் அருகிலுள்ள வேப்பமர நிழலில் நம் பங்கு இளைஞர்கள் கூடி நின்று பேசுவது வழக்கம். அண்மையில் ஒரு ஞாயிறன்று அங்கே பெரியதொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கொல்கத்தாவின் மோகன் பகான் கழகம் ஐரோப்பாவின் பெருங்கழகம் ஒன்றை எதிர்த்து ஆடினால் என்னவாகும் என்பதே வழக்கு. "பத்துக் கோல் வாங்கும்" என்றார் ஒருவர். "2008இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கொல்கத்தாவுக்கே வந்து ஆடியது. அன்று மூன்று கோல்தானே வாங்கினோம்?" என்றார் மற்றவர். மூன்றாமவர் கைப்பேசியை எடுத்து இரு தரப்பு ஆட்டக்காரர்களின் விலையைக் கூட்டிக் காட்டினார். விலையைக் கண்டதும் வழக்கு தள்ளுபடியாயிற்று.

சற்றுத் தள்ளி, சைக்கிளைப் பிடித்தபடி நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு தந்தை. கூட்டம் கலைந்தபின் நம்மிடம் வந்தார். துவாக்குடித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்பவர். அவருடைய பதினைந்து வயது மகன் பந்தாட்டத்தில் கெட்டிக்காரன். சென்னையில் நடைபெறும் தேர்வு ஒன்றுக்கு அவனை வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. "அங்கே வருகிற பிள்ளைகள் சின்ன வயசிலிருந்தே பயிற்சி எடுத்தவர்களாம். இவனை அனுப்பி, அவமானப்பட்டுத் திரும்பி வந்தால்? தேறுமா, சாமி?" என்று கேட்டார்.

இளைஞர்களின் வழக்கும் இத்தந்தையின் கேள்வியும் ஒன்றே என நமக்குத் தோன்றியது. நம்மைவிட வலியவன் எதிரே நிற்கையில் நம் பலத்தை எப்படி எடைபோடுவது? இதற்கு நம் நாட்டுக் கால்பந்தாட்ட வரலாறே நல்ல பாடம் சொல்கிறது.

1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கல்கத்தா மைதானத்தில் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டம். ஒருபுறம் மோகன் பகான். மறுபுறம் ஆங்கிலேயரின் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவு. 1893இல் தொடங்கிய அப்போட்டியில் அதுவரை எந்த இந்தியக் கழகமும் வென்றதில்லை. நம்மவர் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலினர். பூட்ஸ் அணிந்து ஆடியவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. அவர் கிறிஸ்தவர்; பின்னாளில் போதகரானவர். ஆட்டம் காண ஊரூராக மக்கள் இரயிலிலும் நீராவிப் படகிலும் வந்து குவிந்தனர். மைதானத்தை நெருங்க முடியாதவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தனர் என்பர்.

அன்று கூடியவர்கள் வெறும் ஆசையால் வந்தவர்களா? இல்லை. அவர்களும் எடைபோட்டுத்தான் வந்தனர். 1906 முதல் 1908 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையை வென்ற கழகம் அது. அவ்வாண்டுக் கேடயப் போட்டியிலும் முதலில் இயேசு சபையாரின் புனித சவேரியார் கல்லூரி அணியை வென்று, பிறகு இராணுவ அணிகளையும் ஒவ்வொன்றாகச் சாய்த்தே இறுதிக்கு வந்திருந்தது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் முதல் நாள் சமநிலை. மறு ஆட்டத்தில் மூன்று கோல் வெற்றி. ஆகவே அவர்களின் நம்பிக்கைக்கு அடித்தளம் இருந்தது. இறுதி ஆட்டத்தில் முதற்கோலை ஆங்கிலேயரே போட்டனர். அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். வெறுங்கால் பூட்ஸை வென்றது என்று நாடே ஆர்ப்பரித்தது.

ஆனால் அன்பர்களே, அந்த ஆர்ப்பரிப்பிலேயே ஒரு மயக்கமும் பிறந்தது. ஒருநாள் வெற்றியைக் கண்டு, வெறுங்காலே நமக்குப் பெருமை என்று எண்ணத் தலைப்பட்டோம். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்தனர். சாரங்கபாணி இராமன் கோல் போட்டார். இரண்டு பெனால்ட்டி வாய்ப்புகள் வீணாயின. ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றோம். நன்றாக ஆடினோம் என்ற பாராட்டு கிடைத்தது. பாராட்டு சில வேளை பகையாகிவிடும். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவை எதிர்த்து ஆடியபோதும் பலர் பூட்ஸ் அணியவில்லை. நாம் வாங்கியவை பத்துக் கோல்கள், போட்டது ஒன்று.

அந்தத் தோல்விக்குப் பின்னரே பூட்ஸ் அணிந்து ஆட வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. ஐதராபாத்தின் சையது அப்துல் ரகீம் பயிற்சி அளித்த அணி 1956இல் மெல்போர்ன் சென்றது. கோவா வழிவந்த நெவில் டிசூசா மூன்று கோல் போட, நாலுக்கு இரண்டென ஆஸ்திரேலியாவை வென்று அரையிறுதிக்கு வந்தோம். எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முதற்கோலை நெவில் போட்டார்! முடிவில் ஒன்றுக்கு நாலென்று தோற்றோம் என்பது உண்மையே. எனினும் பத்து நாலாயிற்றே. அதுவும் நான்கே ஆண்டுகளில். 1960இல் ரோமாபுரியில் பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்றெனச் சமநிலை கண்டோம். அப்போட்டியில் பெரு நாட்டுக்கு எதிராக நமக்குக் கோல் போட்டவர் தமிழகத்தின் சைமன் சுந்தரராஜ் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

எடைபோடுவதில் இருவகைப் பிழைகள் உண்டு. எதிரியின் பலத்தை மட்டும் கண்டு ஆட்டத்துக்கு முன்பே தோற்பது ஒன்று. நம் பழம்பெருமையை மட்டும் கண்டு, கற்க வேண்டியதைக் கல்லாமல் விடுவது மற்றொன்று. முன்னதற்கு அச்சம் என்று பெயர்; பின்னதற்கு அகந்தை என்று பெயர். இரண்டும் தராசின் ஒரு தட்டை மட்டுமே பார்ப்பவை. இருபதாயிரம் பேருடன் வருகிறவனைப் பதினாயிரம் பேரால் எதிர்க்க இயலுமா என்று முதலில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும் அரசனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். எண்ணிப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவாகாது. ஆனால் எண்ணியபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் மனிதன் வெளிப்படுகிறான். குறை தெரிந்ததும் சிலர் வீட்டுக்குத் திரும்புகின்றனர். சிலர் பயிற்சிக்குச் செல்கின்றனர்.

தொலைவில் தேட வேண்டியதில்லை. நம் ஊருக்கு அருகிலுள்ள பெல் கொதிகலன் ஆலை 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியுடன் எழுந்தது. ஐரோப்பியனுக்கு நிகராக நம்மால் இயலுமா என்று அஞ்சி அன்று ஒதுங்கியிருந்தால் இங்கே ஆலை ஏது? எல்லாம் எமக்குத் தெரியும் என்று மார்தட்டியிருந்தாலும் ஆலை ஏது? தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கற்றார்கள்; செய்தார்கள். அந்த ஆலையை நம்பிச் சுற்றிலும் எத்தனை பட்டறைகள், எத்தனை குடும்பங்கள்!

அத்தந்தையிடம் நாம் இவ்வளவும் சொல்லவில்லை. "உங்கள் பற்றவைப்பைச் சோதிக்க ஆய்வாளர் வருகிறாரே, அவரைக் கண்டு ஓடுகிறீர்களா?" என்று மட்டும் கேட்டோம். அவர் சிரித்தார். "ஓடினால் எங்கே குறை என்று எப்படித் தெரியும், சாமி?" என்றார். "அப்படியானால் பையனையும் சோதனைக்கு அனுப்புங்கள்" என்றோம்.

மகனை அவரே அழைத்துச் சென்றார். மகன் தேறவில்லை. பத்து நாள் கழித்து ஒரு மாலை, கோவில் மதிற்சுவரில் யாரோ பந்தை ஓயாமல் அடிக்கும் ஓசை கேட்டு வெளியே வந்தோம். அந்தப் பையன்தான். கடிந்துகொள்ள வாயெடுத்த நாம், அவன் அடிக்கும் காலைப் பார்த்து நின்றுவிட்டோம்.

"எனக்கு இடக்காலால் அடிக்கவே தெரியாது, ஃபாதர். அங்கே போனபிறகுதான் தெரிந்தது" என்றான்.

முகத்தில் அவமானத்தின் சாயல் இல்லை. மீண்டும் பந்தை இடக்காலுக்கு உருட்டிக்கொண்டான். மதிற்சுவரின் வெள்ளை போனால் போகட்டும் என்று நாம் உள்ளே வந்துவிட்டோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் வலியோர் முன் நிற்கும் நாள் வரும். அன்று "தேறுமா?" என்று கேளுங்கள், அது தவறன்று. ஆனால் அக்கேள்வியை வீட்டுத் திண்ணையில் கேட்டு அங்கேயே முடித்துவிடாதீர்கள். அதன் விடை ஆடுகளத்தில் இருக்கிறது.