வரம்பு உயரலாம், கோப்பு மூடக்கூடாது

இலங்கையில் மாதம் 2,00,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019இல் அவருடைய சம்பளத்தில் மாதம் 6,000 ரூபா வரி பிடிக்கப்பட்டது. 2020இல் ஒரு சதமும் இல்லை. 2023 ஜனவரியில் 10,500 ரூபா. 2025 ஏப்ரல் முதல் 3,000 ரூபா. சம்பளம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றே கணக்கிட்டிருக்கிறோம். மாறியவை வரம்பும் வீதமும் மட்டுமே.

2020 ஜனவரியில் தனிநபர் நிவாரணம் 30 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. அதற்கு முன் எல்லோருக்கும் 5 இலட்சம், சம்பளக்காரருக்கு மேலும் 7 இலட்சம். இந்தப் பாய்ச்சலைத்தான் இன்றுவரை எல்லோரும் குறை சொல்கிறார்கள். வருமானம் குறைந்ததற்கு அது போதிய காரணம்தான். ஆனால் வரி செலுத்துநர் தளம் கரைந்ததற்கு அதனுடன் சேர்ந்து வந்தவையே பெரிய காரணம் என்பது எமது கருத்து. அதே நாளில் உழைக்கும்போது செலுத்தும் வரி ஒழிந்தது. வட்டியிலும் சேவைக் கட்டணத்திலும் இருந்த நிறுத்திவைத்தல் வரியும் போனது. பின்னர் வந்த முற்பண தனிநபர் வருமான வரியை ஊழியர் சம்மதித்தால் மட்டுமே பிடிக்கலாம் என்றார்கள். கேட்டுக் கேட்டு வரி கொடுப்பவர் எத்தனை பேர்? வற் பதிவுக்கான ஆண்டு வரம்பும் 1.2 கோடியிலிருந்து 30 கோடிக்குத் தாவியது. வரியோடு தகவலும் நின்றது. யார் எங்கே எவ்வளவு உழைக்கிறார் என்று உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குத் தானாக வந்துகொண்டிருந்த செய்தி வற்றிப்போனது. கொரோனா ஓய்ந்த பிறகும் வரி வருமானம் மீளாததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்ல வேண்டும்.

2023இல் வரம்பு 12 இலட்சமாக இறங்கியபோது சம்பளக்காரர் மறுமாதமே அகப்பட்டார். இப்போது தொழில்தருநர் சம்மதம் கேட்காமலே பிடித்துக் கொடுத்துவிடுகிறார். மாணவரிடம் கைக்காசு வாங்கும் ரியூஷன் ஆசிரியரிடம் யார் பிடிப்பது? 18 வயதைத் தாண்டியவர்கள் ரின் எனும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுக்க வேண்டும் என்று 2024இல் நடைமுறைக்கு வந்த விதி, விட்டுப்போன தடயத்தைத் தேடும் முயற்சிதான். ஆனால் ரின் எடுத்தவரெல்லாம் வரி செலுத்துநர் அல்லர் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவின் 2025 வரவு செலவுத் திட்டம் புதிய முறையில் 12 இலட்சம் இந்திய ரூபாய் வரை வரி இல்லை என்றது. அதைக் கழிவின் மூலம் செய்தார்கள். அடிப்படை விலக்கு வரம்பு 4 இலட்சம்தான். அதைத் தாண்டினால், செலுத்த வரி இல்லாவிட்டாலும், வருமான விவரம் தாக்கல் செய்தாக வேண்டும். பணம் கட்டுவோர் குறையலாம், கோப்பு திறந்தே இருக்கும். வரியே இல்லாத கோடிக்கணக்கான படிவங்களைக் கையாளும் செலவு இதில் உண்டு. 2020க்குப் பின் நாம் கொடுத்த விலையோடு பார்த்தால் அது சிறிது.

இன்றைய வரம்பு மாதம் 1,50,000 ரூபா. விலைவாசி ஏற ஏற அதையும் உயர்த்தக் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கும். அது பற்றிய ஆலோசனைக் கூட்டங்களில் நமது அமைப்புகள் வரம்பின் அளவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்து வரக்கூடாது. சம்பளம், வட்டி, சேவைக் கட்டணம் மூன்றின் விவரமும், வரி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், திணைக்களத்துக்குத் தொடர்ந்து போக வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். வரம்புக்குக் கீழே வந்துவிட்ட வாடிக்கையாளர் கோப்பை மூடச் சொன்னால், அடுத்த திருத்தத்தில் அவர் எங்கே நிற்பார் என்று ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.