நட்சத்திரத்தை விடுங்க, மூக்கைப் பாருங்க!

ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். 2013-ல் நிஸான் டெர்ரானோ வந்தப்போ, "அட, நம்ம ரெனோ டஸ்டர்தானே இது!"ன்னு சொன்னவங்கதானே நாம? ரெண்டும் ஒரே தொழிற்சாலை. முகமும் சின்னமும்தான் வேற.

ஆனா இரண்டாம் உலகப் போர் விமானப் படம்னா மட்டும், சிவப்பு நட்சத்திரத்தைப் பார்த்ததும் "யாக்"னு அடிச்சு விடறாங்க. என்னைக் கேட்டா நட்சத்திரத்தைக் கடைசியாத்தான் பார்க்கணும். அமெரிக்காவின் பெல் கம்பெனி தயாரிச்ச பி-39 ஐராகோப்ராவில் ஏறத்தாழ பாதி சோவியத்துக்குத்தான் போச்சு. அதிலும் அதே நட்சத்திரம்தான்! ஆனா உடம்பு காட்டிக் கொடுத்துடும். ஏறி இறங்க கார் மாதிரியே பக்கக் கதவு, மூக்குக்கு அடியில் சக்கரம், எஞ்சின் விமானியின் முதுகுக்குப் பின்னால். அதனால புகைக்குழாய்களும் காக்பிட்டுக்குப் பின்னாடிதான் இருக்கும். யாக்-9க்கு எஞ்சின் முன்னாடி, சின்னச் சக்கரம் வாலுக்கு அடியில்.

நட்சத்திரம் காலம் சொல்ல உதவும். வெள்ளை விளிம்பு இருந்தா பெரும்பாலும் 1943 அல்லது அதுக்கப்புறம். அவ்வளவுதான்.

"இதுக்குப் போய் இவ்வளவு அலட்டலா?"ன்னு கேட்பீங்க. 1944 நவம்பர் 7, செர்பியாவின் நிஷ் நகரம். அமெரிக்க பி-38 விமானங்கள் சோவியத் படையை ஜெர்மானியர்னு நினைச்சுச் சுட, யாக் விமானங்கள் கிளம்பிப் போய் மோத, ரெண்டு பக்கமும் உயிர் போச்சு. இத்தனைக்கும் கூட்டாளிங்க! நம்ம ஊர்க் கதையும் உண்டு. ஜப்பான்காரனோட சிவப்பு வட்டம்னு நம்ம ஆளே சுட்டுடக் கூடாதேன்னு, இந்திய விமானப்படை அந்தப் போர்ல தன் வட்டச் சின்னத்திலிருந்த சிவப்பையே எடுத்துடுச்சு.