கடமைப் பட்டியலை யார் எழுதுவது?

முதல் கிளினிக் நாளில் கர்ப்பிணித் தாயைச் சந்தித்த மருத்துவமாதுவே பிரசவ வேளையிலும் அவர் அருகில் நிற்க வேண்டும். குழந்தை பிறந்த பிறகு வீட்டுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். கேஸ்லோட் முறை என்பது இவ்வளவுதான். இதை ஒரு பெரிய வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பிரிவுக்குள் கொண்டுவர முயன்றவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

பயன் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. மெல்பேர்னில் ஆபத்துக் குறைந்த 2,314 தாய்மாரைச் சேர்த்து நடந்த கொஸ்மொஸ் ஆய்வு 2012இல் வெளியானது. கேஸ்லோட் பிரிவில் சிசேரியன் 19.4 சதவீதம், வழமையான பராமரிப்பில் 24.9. அடுத்த ஆண்டு வெளிவந்த சிட்னி, பிரிஸ்பேன் ஆய்வு ஆபத்து நிலை பாராமல் எல்லாத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டது. அங்கே சிசேரியனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் தாய் ஒருவருக்கான செலவு 566 அவுஸ்திரேலிய டொலர் குறைந்தது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். சிசேரியனைக் குறைக்கும் வழி என்று மட்டும் சொல்லி இம்முறையை நிர்வாகத்திடம் கொண்டு போனால், முதலாண்டுக் கணக்கிலேயே கேள்வி எழும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முறைமாற்றுக் கடமையில் மருத்துவமாதின் நேரம் விடுதிக்குச் சொந்தம். மணி அடித்தால் ஒருவர் போவார், மற்றவர் வருவார். தாய் மட்டும் அங்கேயே கிடப்பார். கேஸ்லோட் முறையில் அந்த நேரம் தாய்மாரைப் பின்தொடர்கிறது. கொஸ்மொஸில் முழுநேர மருத்துவமாது ஒருவருக்கு ஆண்டுக்கு 45 தாய்மார். இங்கிலாந்து வகுத்த இதுபோன்ற திட்டத்தில் ஏறத்தாழ 36. சம்பளம் ஆண்டுக் கணக்கில். அழைப்பு எந்நேரமும் வரலாம். ஒருவர் ஓய்விலிருந்தால் அவருடைய துணை போக வேண்டும். இரவு முழுவதும் பிரசவத்தில் நின்றவருக்கு மறுநாள் காலைக் கிளினிக் இருந்தால் அதை யார் பார்ப்பது? விடுப்பில் கையெழுத்திடுவது யார்? இரவில் உழைத்த மணிகளை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? மருத்துவமாதின் அர்ப்பணிப்பு இக்கேள்விகளுக்கு விடையாகாது. விடை சொல்ல வேண்டியது நிர்வாகம்.

பிரசவ அறையில் எஞ்சுபவர்களைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. அதிகாலை இரண்டு மணிக்கு வலியோடு வரும் தாயை, அவருடைய மருத்துவமாது வந்து சேரும்வரை அவர்கள்தான் பார்க்கிறார்கள். அனுபவம் மிக்கவர்கள் புதிய குழுவுக்குப் போய்விட்டால், விடுதியில் மிஞ்சுவது புதியவர்களும் களைத்தவர்களுமே. “அவர்களுக்கு மட்டும் விருப்பமான வேலை” என்ற முணுமுணுப்பு அங்கிருந்துதான் பிறக்கிறது. அதைப் பொறாமை என்று ஒதுக்குவது அநீதி.

இந்த வேலை ஆளை எரித்துவிடும் என்ற அச்சமும் உண்டு. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், இரண்டாண்டு முடிவில் கேஸ்லோட் மருத்துவமாதரிடம் சோர்வு குறைவாகவும் பணி நிறைவு கூடுதலாகவும் இருந்தன. ஆனால் அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். தம் நேரத்தைத் தாமே வகுத்துக்கொண்டவர்கள். பணித்து அனுப்பப்பட்டவர்களிடம் அதே விளைவை எதிர்பார்க்க முடியாது.

இங்கிலாந்து கற்ற பாடம் கசப்பானது. 2016இன் தேசிய மகப்பேற்று மீளாய்வுக்குப் பின், 2021 மார்ச்சுக்குள் பெரும்பாலான தாய்மாருக்கு இத்தகைய தொடர் பராமரிப்பு என்று இலக்கு வைத்தார்கள். ஆளணி அதற்கேற்பப் பெருகவில்லை. சுரூஸ்பரி, டெல்ஃபோர்ட் வைத்தியசாலைகள் பற்றிய ஒக்கெண்டன் அறிக்கை 2022 மார்ச்சில் வெளிவந்தது. பாதுகாப்பான ஆளணி இல்லாத இடங்களில் இம்முறையை நிறுத்திவைக்கச் சொன்னது. அதே ஆண்டு செப்டெம்பரில் தேசிய இலக்கே கைவிடப்பட்டது. பிழை முறையில் இல்லை. ஆளைச் சேர்க்காமல் திகதியைக் குறித்ததில் இருந்தது.

இலங்கையில் நமக்கு இதன் பாதி ஏற்கெனவே உண்டு. குடும்ப நல உத்தியோகத்தர் கர்ப்ப காலத்தில் வீடு தேடிப் போகிறார், பிரசவத்தின் பின்னும் போகிறார். பிரசவம் ஏறக்குறைய முழுவதும் வைத்தியசாலையில் நடப்பதால், தாய் அவரை மிகவும் தேடும் அந்த நாளில் மட்டும் அவர் அங்கே இருப்பதில்லை.

மகப்பேற்றுப் பிரிவுகளின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தாமாக முன்வரும் நான்கைந்து பேருடன் சிறிதாகத் தொடங்குங்கள். இரவு அழைப்பை எடுப்பவர் யார், மறுநாள் ஓய்வு எத்தனை மணி, பிரசவ அறையில் எஞ்சி நிற்பவர் எத்தனை பேர் என்பதைத் தொடங்குமுன்பே எழுதிவையுங்கள். அந்தத் தாளை முதலில் பிரசவ அறை மருத்துவமாதரிடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களைக் கேளுங்கள்.