முழங்காலிட்ட மாப்பிள்ளையும் மொய் நோட்டும்

2021 அக்டோபர் 7. துபாய் மைதானத்தில் பஞ்சாப் அணியிடம் சென்னை சூப்பர் கிங்ஸ் தோற்றுப்போயிருந்தது. தோற்ற கடுப்பில் டி.வி.யை அணைத்தவர்கள் அடுத்து நடந்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள். மஞ்சள் ஜெர்சியைக்கூட மாற்றாமல் கேலரிக்கு ஏறிப்போனார் பந்துவீச்சாளர் தீபக் சாஹர். அங்கே உட்கார்ந்திருந்த ஜெயா பரத்வாஜ் முன்பு முழங்காலிட்டு மோதிரத்தை நீட்டினார். அந்தப் பெண் ஒரு நொடி திகைத்து, பிறகு சிரித்துக்கொண்டே கட்டிப்பிடித்தார். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். தோல்வி மறந்துபோனது. அந்த வீடியோ தமிழ்நாட்டின் எல்லா வாட்ஸ்அப் குரூப்களிலும் சுற்றியது.

தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை பக்கமும் அதைப் பார்த்து ஏங்கிய பிள்ளைகள் உண்டு. "நமக்கு யாரு இப்படிக் கேக்கப் போறா?" என்று.

உண்மையில் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு 'சர்ப்ரைஸ்' ஒன்றும் புதிதில்லை. அவர்களுடைய அம்மாக்களும் பாட்டிகளும் வாங்கியதெல்லாம் சர்ப்ரைஸ்தான். கல்லூரி விட்டு பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலில் நாலைந்து ஜோடிச் செருப்பு கிடக்கும். உள்ளே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, கம்பத்துப் பன்னீர் திராட்சை. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து காதோரம் சொல்வாள்: "ஏ புள்ள, மூஞ்சியக் கழுவிட்டு வேற சேலை கட்டிட்டு வா. ஒன்னயப் பாக்கத்தான் வந்திருக்காக." அவ்வளவுதான். காபித் தட்டை நீட்டி முடிப்பதற்குள் பூ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மாப்பிள்ளையின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று பேத்திகளிடம் சிரித்துக்கொண்டே சொல்லும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள்.

கேலரியில் முழங்காலிடுவதும் கூடத்தில் பூ வைப்பதும் வேறு வேறு உலகம் போலத் தெரியும். ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். பத்துப் பேர் கண் முன்னால் ஒரு பெண்ணிடம் வாழ்க்கையின் மிகப்பெரிய கேள்வி கேட்கப்படுகிறது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லும் இடமா அது?

சாஹர் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவரும் ஏற்கெனவே பழகியவர்கள். கேட்ட இடமும் நேரமும்தான் திடீர், கேள்வி அல்ல. பிளே ஆஃப் போட்டியின்போது கேட்கலாம் என்று நினைத்திருந்தவரை முன்கூட்டியே கேட்கச் சொன்னது தோனிதான் என்று சாஹரின் அப்பா சொன்னதாகவும் செய்தி வந்தது. அதாவது, மோதிரம் வெளியே வருவதற்கு முன்பே நாலு பேருக்குத் தெரிந்த விஷயம் அது. வீடியோவைப் பார்த்து ஆசைப்படும் இளைஞர்கள் அந்த மஞ்சள் ஜெர்சியையும் மோதிரத்தையும்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்பு இருவரும் பேசிப் பழகிய நாட்கள் வீடியோவில் இல்லை.

இப்போது கம்பம் பள்ளத்தாக்கிலும் திராட்சைக் கொடிப் பந்தலுக்குக் கீழே நிற்கவைத்து, நண்பர்கள் செல்போனோடு ஒளிந்திருக்க, மோதிரம் நீட்டுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. பெண்ணின் மனது தெரிந்த பிறகு என்றால் இன்னும் நன்றாக இருக்கும். தெரியாமல் நீட்டினால், அவள் சொல்லும் 'சரி' அவளுடைய பதிலா, சுற்றி நிற்கும் கேமராக்களுக்கான பதிலா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தனியாக ஒரு முறை கேட்டுவிட்டு, பிறகு ஊரறியக் கேட்பதில் சுவாரஸ்யம் ஒன்றும் குறைந்துவிடாது. (மேகமலைப் பின்னணியில் டிரோன் விட்டு வீடியோ எடுக்கும் ஆசை இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும். அது 2021 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் டிரோனைத் தூக்கினால் முதல் சர்ப்ரைஸ் மாப்பிள்ளைக்குத்தான்.)

பெற்றோர் பார்க்கும் வரனுக்கும் இதே கணக்குதான். பூ வைப்பதற்கு முன்பு பிள்ளைகள் இருவரும் தனியாக ஒரு மணி நேரம் பேசட்டும். "என்ன பேசுவாக?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. வேலைக்குப் போகலாமா, எந்த ஊரில் குடியிருப்பது, யாருக்கு எவ்வளவு கடன், கல்யாணத்துக்குப் பிறகு படிப்பைத் தொடரலாமா என்று எத்தனையோ இருக்கிறது பேச. இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கி நடத்திய திருமணத்தை ரத்து செய்யக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்டாயம் விலகிய நாளிலிருந்தோ ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்தோ ஓராண்டுக்குள் போக வேண்டும். அந்த அளவுக்குப் போக வேண்டியிராமல் பார்த்துக்கொள்ள ஒரு மணி நேரம் அதிகமா? பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகவில்லையென்றால் பேச்சே எடுக்கக் கூடாது. அப்படி ஓர் ஏற்பாடு பக்கத்து வீட்டில் நடப்பது தெரிந்தால் 1098-க்குச் சொன்னால் போதும்.

சரி, பெண் சம்மதித்துவிட்டாள். அடுத்து யாரிடம் சொல்வது?

வெளியூர்க்காரர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அப்பாவிடம் சொன்னால் போதாது. தாய்மாமனிடம் சொல்ல வேண்டும். தேனி, மதுரைப் பக்கத்தில் தாய்மாமன் சீர் இல்லாமல் மணமேடை நிறையாது. சேலை, நகை, பழத்தட்டுகளோடு மேளம் முழங்க அவர் தெருவில் நடந்து வருவதைப் பார்க்கவே ஊர் கூடும். பத்திரிகை அடித்த பிறகு கடைசி ஆளாகத் தகவல் தெரிந்தால், "என்னைய ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்ற ஒற்றைக் கேள்வியில் பத்து வருஷப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அதிலும் அவர் வீட்டில் முறைப்பையன் ஒருவன் இருந்துவிட்டால் இன்னும் சங்கடம். முதலில் அம்மாவிடம், அம்மா மூலம் மாமனிடம், அதன் பிறகு அப்பாவிடம் என்பதுதான் இங்கே பல வீடுகளில் வேலை செய்யும் வழி.

எல்லா வீட்டிலும் அது மாமன் கோபத்தோடு முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சாதி வேறாக இருந்தால், மோதிரம் நீட்டிய வீடியோவே உயிருக்கு ஆபத்தாக மாறிய காலம் இன்னும் தமிழ்நாட்டில் முடிந்துவிடவில்லை. அப்படிப்பட்ட ஜோடிகள் வீடியோவைப் பகிர்வதற்கு முன்பு சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; அது அலுவலகப் பலகையிலும் ஒட்டப்படும். இருவரும் இந்துக்கள் என்றால், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த 7-ஏ பிரிவு இருக்கிறது. புரோகிதர் தேவையில்லை. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ, தாலி கட்டினாலோ, விரலில் மோதிரம் அணிவித்தாலோ அது திருமணம். ஊரைக் கூட்டி அறிவிக்கத் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. மிரட்டல் வரும் ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. பெண்களுக்கான உதவி எண் 181.

இரு வீடும் கைகலந்துவிட்டால் அடுத்து நாள் குறிப்பது. சாஹர் - ஜெயா கல்யாணம் ஆக்ராவில் 2022 ஜூன் 1-இல் நடந்தது. மோதிரத்துக்கும் மாலைக்கும் நடுவே ஏறக்குறைய எட்டு மாதம். தேவாரத்தில் எட்டு மாதம் யார் கொடுப்பார்கள்? "பேசி முடிச்சாச்சு, நாளக் கடத்தாதீக" என்று பெரிசுகள் நெருக்கும். நெருக்கினாலும் காலண்டர் இடம் கொடுக்க வேண்டுமே. ஆடியும் மார்கழியும் கழிந்தன. ஊர்க் கோயிலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அந்த நாட்களும் போச்சு. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவின்போது தேனியைத் தாண்டி வண்டி நகர்வதே பெரிய காரியம். மிச்சமிருக்கும் ஆவணி, தை, வைகாசி வளர்பிறை முகூர்த்தங்களுக்கு மண்டபத்தில் ஏற்கெனவே வேறு யாரோ முன்பணம் கட்டியிருப்பார்கள்.

இன்னொரு கணக்கு உண்டு. பத்திரிகையில் அச்சாகாத கணக்கு. விடியும் முன்னே ஜீப் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கும்போது முகூர்த்தம் வைத்தால், கல்யாணத்துக்கு வரும் ஒவ்வொரு அத்தையும் சித்தியும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு இங்கே அவ்வளவு அடிதடி நடப்பது சும்மா இல்லை. சென்னையிலிருக்கும் சொந்தங்களுக்கு மட்டும் கொஞ்சம் சுலபம். 2023 ஜூன் முதல் போடி வரைக்கும் ரயில் வருகிறது.

நகை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் கட்டாயம். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் தூய்மை தெரிந்துவிடும். கடையிலேயே நின்று போட்டுப் பார்க்கலாம், கூச்சப்பட வேண்டாம். பூவை எவ்வளவு முன்கூட்டிச் சொன்னாலும் முகூர்த்த நாளில் சீலையம்பட்டி மார்க்கெட்டில் மல்லிகை என்ன விலை விற்கிறதோ அதுதான் விலை. வாழைமரத்துக்கும் இலைக்கும் இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. பாட்டுக்கும்தான். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் பக்கத்து ஊர். 'பணக்காரன்' படத்துக்கு அவர் போட்ட கல்யாணப் பாட்டு ஒலிக்காத மண்டபத்தை இந்த வட்டாரத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி மொய். தாலி கட்டி முடிந்ததும் மண்டப வாசலில் மேசை போட்டு, கணக்கு எழுதத் தெரிந்த நம்பிக்கையான ஆள் உட்காருவார். இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டரிலேயே பதிந்து கையில் ரசீது கொடுக்கிறார்கள். யார் எந்த ஊர், யார் மகன், எவ்வளவு எல்லாம் பதிவாகும். அந்த நோட்டு பீரோவில் நகைக்குப் பக்கத்தில் இருக்கும். இருபது வருடம் கழித்து அந்த வீட்டில் விசேஷம் வந்தால், பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் போட்டுச் செய்வார்கள். எழுத்து வன்மையில் எந்த வங்கிக்கும் குறையாத நோட்டு.

அதே மண்டபத்தில், அதே நாளில், எழுதப்படாத ஒரு நோட்டும் உண்டு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. கேட்காமல் தானாகக் கொடுக்கும் அன்பளிப்புகளைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பட்டியல் போட வேண்டும் என்கிறது. 1985-இல் அதற்கென்று தனி விதிகளே வந்தன. பெண்ணுக்கு வந்ததை ஒரு பட்டியலாகப் பெண்ணும், மாப்பிள்ளைக்கு வந்ததை மாப்பிள்ளையும் வைத்திருக்க வேண்டும். என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்நூறு ரூபாய் மொய்யை அப்பன் பெயரோடு எழுதி வைக்கும் ஊரில், பெண்ணுக்குப் போட்ட பவுனை எழுதிய ஒரு துண்டுச் சீட்டை எத்தனை வீட்டில் காட்டுவார்கள்?

"நல்ல நாளும் அதுவுமா லிஸ்ட்டா போடுவாக? சம்பந்தி என்ன நெனைப்பாரு?" என்பதுதான் தயக்கம். சீர்த்தட்டை எண்ணி எண்ணி இறக்கும்போதும், எத்தனை பவுன் என்று சபையில் பேசும்போதும் வராத கூச்சம், எழுதும்போது மட்டும் வந்துவிடுகிறது. பின்னால் ஏதாவது பிரச்னை வந்து, அம்மா வீடு போட்ட நகையை ஒரு பெண் திரும்பக் கேட்கும்போது அவள் கையில் கல்யாண ஆல்பம் மட்டும்தான் இருக்கும். கழுத்தில் தெரியும் நகையைக் காட்டி, "இது என்னுடையது" என்று அவள் ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டியிருக்கும். மொய் எழுதுகிறவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டை முந்தின நாளே கொடுத்து வைத்தால், மேசையும் பேனாவும் அங்கேயே இருக்கின்றன. தாய்மாமன் சீரில் வந்ததையும் சேர்த்து எழுதலாம்; அவருக்கு அதில் பெருமைதான்.

மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து பந்தல்காரருக்குக் கணக்குத் தீர்த்த பிறகு, பலர் மறந்துபோகும் வேலை ஒன்று பாக்கி இருக்கும். 2009-ஆம் ஆண்டு சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்துத் திருமணமானாலும் பதிவு கட்டாயம். 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். விட்டுப்போனால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரைக்கும் வாய்ப்பு உண்டு. வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, சாட்சிகள், அதோடு அந்தக் கல்யாணப் பத்திரிகையும் வேண்டும். சொந்தபந்தம் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோக ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று அத்தை வீட்டு அலமாரியில் தேடிக்கொண்டு நிற்கிறவர்கள் உண்டு. நாலு பத்திரிகையை அந்த நாற்பது பக்க நோட்டுக்குள்ளேயே செருகி வைத்துவிடலாம்.